காலில் தொடங்கும் வேடம்

திண்டுக்கல் வட்டாரத்தில் ஆட்டக்காரர்களோ நாடகக்காரர்களோ உடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு நேரே நிறத்துக்குப் போகும். ராஜபார்ட்டுக்கு வெல்வெட் சிவப்பா நீலமா, கரகத்துக்கு ஜிகினா எவ்வளவு வைப்பது, ஒயிலாட்டக் கைத்துணி மஞ்சளா பச்சையா என்று மணிக்கணக்கில் பேசலாம். காலைப் பற்றிய பேச்சோ ‘சலங்கை’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். கல்லூரிக் கலைவிழாவுக்கு வேடம் வாடகைக்கு எடுப்பவர்களும் அப்படித்தான். முடி, கச்சை, மாலை, வாள் எல்லாம் பையில் இருக்கும். மேடைப் படிக்கு வந்த பிறகுதான் காலுக்கு என்ன என்ற கேள்வி எழும். போட்டிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ஏறிவிடுவார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. நிறம் தன்னளவில் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. அதை உடுத்தியிருப்பவரின் கால் வெறுங்காலா, சலங்கை கட்டிய காலா, செருப்பு போட்ட காலா என்பதைப் பார்த்த பிறகே நம் ஊர்ப் பார்வையாளர் மேலே உள்ள நிறத்துக்குப் பொருள் கொள்கிறார். இதைத் திண்டுக்கல் சமவெளியை வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூட்டு ஊர் என்று பெயரெடுத்த இந்த ஊர் தோல் ஊரும்கூட. ஆட்டமும் தோலும் செருப்பும் சாதியும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலில் நிறம். நாட்டிய சாஸ்திரம் எட்டுச் சுவைக்கும் எட்டு நிறம் வகுத்திருக்கிறது. சிருங்காரத்துக்குச் சியாமம் என்ற பச்சை, நகைக்கு வெள்ளை, கருணைக்குப் புறாவின் சாம்பல், ரௌத்திரத்துக்குச் சிவப்பு, வீரத்துக்குப் பொன்னிறம், அச்சத்துக்குக் கருப்பு, அருவருப்புக்கு நீலம், வியப்புக்கு மஞ்சள். நடனப் பள்ளிகளில் இன்றும் இதைப் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் மாசித் திருவிழாவுக்குள் நுழைந்தால் ஒன்றும் பொருந்தாது. கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி நிறைந்திருக்கும் மஞ்சளில் வியப்புச் சுவை எங்கே இருக்கிறது? அது மஞ்சள் நீரின் நிறம், அம்மை கண்ட உடம்பைத் தணிக்கும் நிறம், நேர்த்திக்கடனின் நிறம். பழனி நெடுஞ்சாலையில் தைப்பூசத்துக்கு முன்பு நடந்து போகும் கூட்டத்தின் பச்சை வேட்டியைச் சிருங்காரத்தில் சேர்க்க முடியுமா? கருப்பும் அப்படியே. நம் கிராமங்களில் கருப்பன் அச்சம் தருபவர்தான், ஆனால் அந்த அச்சம் திருடனுக்கும் பொய்சாட்சிக்காரனுக்கும். ஊராருக்கு அவர் காவல். அதே கருப்பு 1946இல் மதுரையில் கூடிய கருஞ்சட்டை மாநாட்டுக்குப் பிறகு பெரியார் இயக்கத்தின் நிறமாகவும் ஆயிற்று, கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தரின் நிறமாகவும் ஆகிறது. கடவுளை மறுப்பவரும் கடவுளைக் காண நடப்பவரும் ஒரே கருப்பை உடுத்துகிறார்கள். சபரிமலைக்குப் போகிறவரைத் தெருவில் பார்த்ததும் எப்படி அடையாளம் காண்கிறோம்? மாலையும் தாடியும் தெரிவதற்கு முன்பே, செருப்பில்லாத கால் சொல்லிவிடுகிறது.

நிறத்துக்கு ஊரே கூடிப் பொருள் சொல்லும் பெரிய நிகழ்வு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது, என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பதைத்தான் கரையில் நிற்கும் கூட்டம் முதலில் பார்க்கும். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து போகிறவர்களும் ஊர் திரும்பியதும் முதலில் சொல்வது அந்த நிறத்தைத்தான். பச்சை என்றால் நாடு செழிக்கும், மஞ்சள் என்றால் மங்கல காரியங்கள் கூடும், சிவப்பு என்றால் அந்த ஆண்டு அமைதி குறையும் என்பது நம்பிக்கை. மாரியம்மன் சந்நிதியில் அருளாக இருக்கும் சிவப்பு, ஆற்றங்கரையில் எச்சரிக்கையாகிவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அழகர் அன்று கள்ளர் திருக்கோலத்தில் வருகிறார், அதாவது கடவுளே வேடம் கட்டி வருகிறார். அவரை எதிர்கொள்ளும் பக்தர்களும் வேடம் கட்டியவர்கள்தான். பல நிறத் துணி சேர்த்துத் தைத்த சல்லடம், தலையில் உருமால், தோளில் ஆட்டுத்தோலால் ஆன துருத்தி. அந்தத் தோல்பையிலிருந்து பீய்ச்சும் நீரைத்தான் அழகர் மேல் தெளிக்கிறார்கள். தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இந்த அடியார்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தோல் தீட்டு என்று சொல்லப்பட்ட சமூகத்தில், ஆண்டின் மிகப் பெரிய திருவிழாவில் சாமியைத் தொடும் நீர் தோலின் வழியாக வருகிறது.

இசை நாடக மேடைக்கு வருவோம். ஸ்பெஷல் நாடகம் என்று ஊர் வழக்கில் சொல்லும் இந்த மரபுக்கு மதுரையும் புதுக்கோட்டையும் போலவே திண்டுக்கல்லும் ஒரு முக்கிய மையம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் இன்றும் திருவிழா மேடைகளில் விடிய விடிய நடக்கின்றன. சுவாமிகளே ஒரு காலத்தில் எமனும் இரணியனும் சனீஸ்வரனுமாக வேடம் கட்டியவர். சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியலில் நீர்நிலைக்குப் போனபோது எதிரே வந்த பெண்ணொருத்தி அவரைக் கண்டு அதிர்ந்து உயிரை விட்டாள் என்றும், அதோடு அவர் வேடம் கட்டுவதை விட்டு ஆசிரியராகிவிட்டார் என்றும் நாடக உலகில் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியிருந்தாலும், நாடகக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவதில் ஒரு செய்தி இருக்கிறது. மேடையில் சனீஸ்வரனின் கருப்பு பாத்திரத்தின் நிறம். பார்ப்பவருக்கு அது பழகிய எல்லைக்குள் இருக்கிறது. அதே நிறம் விடியற்காலைக் கரையில் நடந்து வந்தால் எல்லை இல்லாமல் போகிறது. மேடை என்ற வரம்பு போனதும் நிறத்தின் பொருளும் மாறிவிடுகிறது.

மயான காண்டத்தை உடுப்புக்காகவே ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாட்டை ஆண்டவன் சுடலை காக்கிறான். மணிமுடி இல்லை, பட்டு இல்லை, கையில் தடி மட்டும் இருக்கிறது. அரசனின் வீழ்ச்சியை நடிகர் பாட்டிலும் வசனத்திலும் காட்டுகிறார். உடுப்பு அதை முழுவதும் காட்டுவதில்லை என்பது என் குறை. அரசனாக வந்தபோதும் வெறுங்கால், வெட்டியானாக நிற்கும்போதும் அதே வெறுங்கால் என்றால் கீழே விழுந்தது யார் என்பதைக் கால் சொல்லாமல் விட்டுவிடுகிறது. முன் காட்சியில் சரிகை வேலை செய்த காலணி இருந்திருந்தால், பின் காட்சியின் வெறுங்காலுக்கு எத்தனை கனம் கூடியிருக்கும்! சாம்பல் படிந்த கால் பேசாமல் பேசியிருக்கும்.

நிறத்தோடு வெளிச்சத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். முத்துவெள்ளையும் செஞ்சாந்தும் பூசிய முகங்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்காகப் பழகியவை. இன்று ஊர்த் திருவிழா மேடைகளில் எல்.இ.டி. விளக்குகள் நிமிடத்துக்கு ஒரு நிறமாக மாறுகின்றன. பச்சை விளக்கு விழும்போது சிவப்பு வெல்வெட் கருத்துப் போகிறது, நீல விளக்கில் மஞ்சள் செத்துப் போகிறது. வெள்ளை மட்டும் விழுகிற நிறத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆகவே சிவப்பைத் தேர்ந்தெடுத்தவர் விளக்குக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவர் தேர்ந்தெடுத்தது சிவப்பே ஆகாது.

இனி கால். நம் மேடையில் வெறுங்காலே மரபு. ஆடுமிடம் பூசை செய்து தொட்டுக் கும்பிடும் இடம், ஆகவே செருப்புக்கு அங்கே வேலையில்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் கம்பளத்து நாயக்கர் ஊர்களில் தேவராட்டம் ஆடுகிறவர்கள், 1801இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சி கோபால் நாயக்கரைத் தங்கள் முன்னோராக எண்ணிப் பெருமைப்படுகிறவர்கள். தேவதுந்துபி முழங்க, இரு கையிலும் துணி வீசி, காலில் சலங்கையோடு மண்ணில் ஆடும் ஆட்டம் அது. மண்ணைக் கால் தொடுவதே அங்கே பொருள். அந்தச் சலங்கையை நெருங்கிப் பார்க்க வேண்டும். கெட்டியான தோல்பட்டையில் வரிசை வரிசையாக மணிகளைக் கோத்திருப்பார்கள். கட்டுவதற்கு முன்பு கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கணுக்காலில் முதலில் பழைய துணியைச் சுற்றி, அதன்மேல் பட்டையை இறுக்குவார்கள். துணி இல்லாவிட்டால் விடிவதற்குள் தோல் உரசிப் புண்ணாகிவிடும். ஆடி முடித்தபின் வியர்வையில் ஊறிய பட்டையை நிழலில் காயப்போடாவிட்டால் விறைத்துப் போகும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இதற்கு ஏற்றது. குரோமியத்தில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், ஆனால் அதிகம் இழுபடும். செருப்பாக வந்தால் வாசலில் நிற்க வேண்டிய அதே தோல், சலங்கைப் பட்டையாக வந்தால் கண்ணில் ஒற்றப்படுகிறது. மிருதங்கத்தின் தோல் கோயிலுக்குள் போகிறது, பறையின் தோல் வெளியே நிற்கிறது. தோல் ஒன்றுதான். தொடுகிற கை யாருடையது என்பதில்தான் தீட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தத் தோலைத் தந்தவர்கள் யார் என்பதை டி. செல்வராஜ் எழுதிவிட்டார். திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த அவர், இவ்வூர்த் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் வைத்து எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்களின் கால் வெந்து புண்ணாகிக் கிடந்தது. ஊருக்குச் செருப்பாகப் போகும் தோலை, செருப்பில்லாத கால்கள் மிதித்துப் பதனிட்டன. செருப்பு இல்லாததற்கு வறுமை மட்டும் காரணமில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் தலித் மக்கள் மேல் விதித்த எட்டுத் தடைகளை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் சில இவை: ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக்கூடாது, பொன் வெள்ளி நகை கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. இது ஒரு உடுப்புச் சட்டம். அந்தத் தடைப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் நாடக மேடையில் அரசனுக்கும் அரசிக்கும் உரிய பொருள். பகலில் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த ஒருவர், இரவில் மேடையில் முடி சூடிப் பட்டு உடுத்தி நின்றிருந்தால், அவர் கால் வெறுங்காலாக இருந்ததைப் பார்த்தவர்கள் இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே நம் மேடையின் வெறுங்காலைப் பக்தி என்று மட்டும் விளக்குவது போதாது. செருப்பைத் தானே கழற்றிய கால் ஒன்று, செருப்பு மறுக்கப்பட்ட கால் இன்னொன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உடுப்பை அமைப்பவரின் முதல் பொறுப்பு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது.

நாட்டார் தெய்வங்கள் இதை முன்பே செய்துவிட்டன. சமவெளிக் கிராமங்களின் எல்லையில் நிற்கும் சுதைச் சிற்பங்களைப் பாருங்கள். பெருங்கோயில் தெய்வங்கள் வெறுங்காலோடு நிற்க, கருப்பனும் முனியும் மதுரை வீரனும் பெரும்பாலும் செருப்போடு நிற்பார்கள். ராத்திரி முழுக்க முள்ளிலும் கல்லிலும் ஊரைச் சுற்றி வருகிறவருக்குச் செருப்பு வேண்டாமா? அவர்களுக்குக் காணிக்கையாகவும் செருப்பு வைக்கிறார்கள். சாமியாடி கருப்பனாக ஆடும்போது ஆணிச்செருப்பில் ஏறி நிற்பதும் உண்டு. ஆணி முனைகள் மேல்நோக்கி நிற்கும் அந்தப் பாதக்கட்டைதான் நம் பகுதியின் மிகக் கடுமையான வேடக் காலணி. அதைப் போட்ட பிறகுதான் ஆடுகிறவரைச் சாமி என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. மதுரை வீரன் கதையிலோ செருப்பு தைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவனுக்குக் கிடைக்கும் தண்டனை மாறுகால் மாறுகை வாங்குவது.

உலகத்தின் பிற மேடைகள் காலணியை உயர்வைக் காட்டவே பயன்படுத்தின. கிரேக்கத் துன்பியல் நடிகர் கொத்தோர்னோஸ் என்ற உயர்ந்த காலணியோடு நினைக்கப்படுகிறார். பீஜிங் ஓப்பராவில் அரசரும் தளபதியும் தடித்த வெள்ளை அடியுள்ள பூட்ஸில் வருவார்கள். முகத்தின் சிவப்பு விசுவாசத்தையும் வெள்ளை வஞ்சகத்தையும் சொன்னாலும், அந்த முகம் எந்த நிலையில் உள்ளவருடையது என்பதை அடிப்பகுதியின் தடிப்பு சொல்லிவிடும். நமக்கும் அப்படி ஒன்று இருந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் மரக்கால் ஒன்று. பாம்பும் தேளுமாக வந்த அவுணரை மாயவள் மரக்காலால் மிதித்து அழித்த ஆடல் அது. தரையின் நஞ்சிலிருந்து காலைக் காப்பதற்காக ஏறிய உயரம். தகுதியைக் காட்டும் பீஜிங் உயரத்தோடு இதை ஒன்றாக எண்ண முடியாது.

நவீன நாடகம் காலைப் பற்றிய இந்தக் கேள்விக்குள் அதிகம் போகவில்லை. 1977இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளி நடத்திய நீண்ட பட்டறை தமிழ் நவீன நாடகத்தின் திருப்புமுனைகளில் ஒன்று. பேராசிரியர் சே. இராமானுஜம் அங்கே பணியாற்றியவர், அந்தப் பட்டறையின் தூண்களில் ஒருவர். அதற்குப் பின் வந்த குழுக்கள் நடிகரின் உடலை மீட்டெடுத்தன. அது பெரிய காரியம். ஆனால் எல்லோருக்கும் ஒரே கருப்பு உடை, எல்லோருக்கும் வெறுங்கால் என்ற பழக்கமும் பரவிற்று. பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே வெறுங்காலில் நின்றால் அவர்களுக்கு இடையிலுள்ள வரலாறு மேடையிலிருந்து அழிந்துவிடுகிறது.

திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு வேறொரு திசையைக் காட்டியது. ஆண்கள் மட்டுமே, அதுவும் சாவுக்கு அடிக்க வேண்டிய கடமையாகவே கொண்டிருந்த பறையை, தலித் இளம்பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். ஜோ ஷெரினியன் ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற பெயரில் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். பறையாட்டத்தில் உட்கார்ந்து எழுவதும் குதித்துத் திரும்புவதும் உண்டு. அதற்கு இடம் தரும் உடுப்பும், ஒரே நிறத்தில் அணிவகுத்து நிற்பதும், காலில் சலங்கையும் சேரும்போது அந்த வெறுங்கால் முற்றிலும் புதிய பொருள் பெறுகிறது. ரவிக்கைக்கும் செருப்புக்கும் தடை போட்ட ஊர்களின் பேத்திகள் தாங்களாகத் தேர்ந்தெடுத்த வெறுங்கால் அது.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்தால், வேடம் அமைக்க உட்காருகிறவர் முதலில் ஒவ்வொரு பாத்திரத்தின் காலையும் தீர்மானிக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. இவர் செருப்பு போட்டவரா, போடாதவரா, போடாததற்குக் காரணம் பக்தியா வறுமையா தடையா? அதன் பிறகு நிறத்துக்குப் போகலாம். துணிக்குத் தூரம் போக வேண்டாம். சின்னாளபட்டிச் சுங்குடி பக்கத்திலேயே இருக்கிறது. பருத்தி ஆகையால் வியர்வையை வாங்கும், விளக்கில் பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்யாது. அதன் சின்னப் புள்ளிகள் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, அகலமான கரை தெரியும். எனவே நிறப்பொருளைக் கரையில் வைக்க வேண்டும். ஊர்வலத்துக்குப் போகும் குழுக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் தார்ச் சாலையில் வெறுங்காலோடு ஆடச் சொல்வது மரபாகாது. வெறுங்கால் மண்ணுக்கு வந்த மரபு, தாருக்கு அது தண்டனை. மெல்லிய அடியுள்ள காலணிமேல் சலங்கை கட்டினால் ஒலி குறையாது. அழைப்பவர்கள் கூலியோடு அதற்கும் பணம் கொடுக்க வேண்டும்.

ஒரு கதையை எடுத்து இதைச் செய்து பார்க்கலாம். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டுக் கதை. பிராமண இளைஞன் முத்துப்பட்டன் அருந்ததியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்புகிறான். பெண்களின் தந்தை வாலப்பகடை குடுமியையும் பூணூலையும் துறந்து, தோல் பதனிட்டுச் செருப்பு தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறார். அவன் அப்படியே செய்கிறான். மாடு கவர வந்தவர்களோடு போராடி மாண்டவன் பட்டவராயன் என்ற தெய்வமாகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்கு இன்றும் செருப்பைத்தான் காணிக்கை வைக்கிறார்கள். சாமி போட்டு நடப்பதால் அது தேய்ந்து போகிறது என்று நம்புகிறார்கள்.

இந்தக் கதை திண்டுக்கல் மேடையில் ஏறட்டும். முதல் காட்சியில் பட்டன் வெள்ளை வேட்டியும் பாதக்குறடுமாக வருவான். பகடையும் பெண்களும் வெறுங்கால், ஆனால் அவர்கள் கையில் செருப்பு இருக்கும், தைப்பது அவர்கள்தானே. பட்டன் பாதக்குறடைக் கழற்றும்போது வேட்டியின் வெள்ளை இன்னும் மாறியிருக்கக் கூடாது. வெள்ளை வேட்டியோடு, வெறுங்காலோடு, தோல் முன்னால் அவன் உட்கார வேண்டும். ஆவாரம்பட்டைச் சாறு அந்த வேட்டியில் படிந்து, காட்சிக்குக் காட்சி அது பழுப்பாகட்டும். புது உடுப்புக்கு மாற்றவே வேண்டாம், வேலையே நிறத்தை மாற்றிவிடும். அவன் தைத்து முடிக்கும் முதல் சோடி அவனுக்கல்ல, பகடைக்கு. மாமனார் மேடையில் முதன்முறையாகச் செருப்பு போட்டு நான்கு அடி நடக்க வேண்டும், அப்போது உறுமி நிற்க வேண்டும். அந்தச் செருப்பை வாடகைக் கடையில் எடுக்கக்கூடாது. இந்த ஊரில் இன்னும் கையால் தைப்பவர்கள் இருக்கிறார்கள். நடிகரின் காலுக்கு அளவெடுத்து அவர்களிடமே தைத்து வாங்க வேண்டும், நாடக அறிவிப்பில் நடிகர் பெயர்களோடு தைத்தவர் பெயரையும் போட வேண்டும்.